ஏரித்தாய் குடிக்கும் பக்கம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். சுகமா என்று கேட்காதே. முழுக்கப் படித்துவிட்டு நீயே சொல்.

உன் மடத்துக்கு வரும் கடிதங்களை மூத்தவர் பிரித்துப் படித்த பிறகுதான் உங்கள் கைக்குக் கொடுப்பார் என்று எழுதியிருந்தாய். அதனால் அவருக்கும் ஒரு வணக்கம். ஐயா, எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அம்மாவே சொல்லி அலுத்துவிட்டாள். பிடிக்காத வரி வந்தால் தாண்டிப் போங்கள், கிழித்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.

முதலில் உனக்குத் தெரியாத செய்திகள். பாலிடெக்னிக்கை விட்டுவிட்டேன். திட்டுவதென்றால் மனசுக்குள் திட்டிக்கொள், உங்களுக்குத்தான் மௌன விரதம் பழக்கம். கொஞ்ச நாள் முலாம் பட்டறையில் வேலை பார்த்தேன். கதவுக் கைப்பிடி, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் தொட்டியில் முக்கி எடுத்துக் கண்ணாடி மாதிரி மின்ன வைக்கிற இடம். முக்கி எடுத்ததை அலசுவது என் வேலை. அலசின தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு நாள் மேஸ்திரியிடம் கேட்டேன். "போற எடத்துக்குப் போகுது, நீயும் போ" என்று அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார். இப்போது மசி மாமாவின் அச்சகத்தில் இருக்கிறேன். அவரை உனக்கு ஞாபகம் இருக்கும். கை கழுவினாலும் நகத்தில் மசி போகாத மனுஷன். காகிதம் அடுக்குவது, தைப்பது, நடுநடுவே படம் வரைவது. அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அதே நீராவி இஸ்திரி முன்னால்தான் நிற்கிறாள். கால் வீக்கம் கூடியிருக்கிறது. சொன்னால் கேட்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் பேட்டையின் ஏரி நீ போகும்போது எப்படி இருந்தது என்று தெரியும். ஆகாயத்தாமரை மூடி, மேலே செருப்பும் பாட்டிலும் மிதந்து, ஓரத்தில் யாரோ போட்ட மெத்தை ஊறிக் கிடக்கும். பிரார்த்தனைக் கூடத்தை இப்போது நடத்துவது பெரியக்கா. பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாளே, அவள்தான். வேலை ஓய்ந்ததும் கூடத்துச் சாவியை வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் பிள்ளைகளை அதட்டின அதே குரலில்தான் சாமியிடமும் பேசுவாள். வாரா வாரம் இதே பேச்சு. "ஏரி அவர் நமக்குக் குடுத்த கிண்ணம். கிண்ணத்துல குப்பையக் கொட்டிட்டு மேல பாத்துக் கும்பிட்டா, அவர் மூஞ்சிய எங்கய்யா வச்சுக்குவார்?" என்பாள். எல்லாரும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து ஏரியிலேயே காறித் துப்புவார்கள்.

ஒரு நாள் அச்சகத்துக்கு வந்தாள். "சொல்லிச் சொல்லித் தொண்டத்தண்ணி வத்திப்போச்சு. நீ படம் போட்டுக் காட்டுடி. சின்னதுங்க படிச்சா பெருசுங்க பின்னால வரும்" என்றாள். எனக்கு சாமி மேல் பெரிய பிடிப்பு கிடையாது, உனக்கே தெரியும். ஆனால் படக்கதை என்றதும் கை பரபரத்தது. ஒத்துக்கொண்டேன்.

கதை இதுதான். ஏரியின் அடியில் ஒரு தாய் தூங்குகிறாள். மேலே கொட்டக் கொட்ட அவள் தலைமுடியில் சிக்குப் பிடிக்கிறது. ஒரு நாள் எழுந்து, தலை சொட்டச் சொட்ட வீடு வீடாகப் போகிறாள். யாரையும் அடிப்பதில்லை. யார் எதை ஏரியில் போட்டாரோ அதை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறாள். மெத்தை போட்டவன் கட்டிலில் ஈர மெத்தை. எலும்பு போட்டவன் தட்டில் எலும்பு. கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. தண்ணீரின் கறுப்பு. அதை யார் வீட்டில் கொண்டுபோய் வைப்பது? எனக்கு முடிவு கிடைக்கவில்லை. மசி மாமா அவசரப்படுத்தினார். சாமி என்றால் விஷத்தைத் தானே விழுங்கத்தானே வேண்டும் என்று, கடைசிப் பக்கம் முழுக்க ஒரே படமாகப் போட்டேன். இரண்டு கையாலும் அள்ளிக் குடிக்கிறாள், ஏரி தெளிகிறது.

இதில் இரண்டு காரியம் நடந்துபோனது. அச்சுக்குக் கறுப்பு, நீலம் இரண்டு மசிதான். தாய்க்கு நீலம் கொடுத்துவிட்டேன். "தண்ணியும் நீலம் சாமியும் நீலம்னா சாமி முங்கிப்போயிடுவா. தண்ணிய வெள்ளையா விட்டுடு" என்றார் மாமா. அப்படியே விட்டேன். அடுத்தது, தாயின் முகம். பார்க்காமல் எனக்கு வரைய வருவது ஒரே ஒரு முகம். வீட்டில் தினம் பார்க்கிற முகம். இஸ்திரி மூடி இடித்து இடது புருவம் இரண்டாகப் பிளந்திருக்கிறதே, அந்தத் தழும்பையும் கை தானாகப் போட்டுவிட்டது. அச்சாகி வந்த பிறகுதான் கவனித்தேன். அம்மாவிடம் காட்டினேன். "என்னையவா போட்ட? மூக்கு இவ்வளவு பெருசாவா இருக்கு?" என்று சிரித்தாள்.

புத்தகம் வந்த பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டாய். கட்டில் கடைக்காரர் ஏரியில் தள்ளின மெத்தையைப் பையன்கள் இழுத்து வந்து அவர் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். மேலே நீலச் சாக்கட்டியில் ஏரித்தாயின் கை மாதிரி ஒரு கை வரைந்திருந்தது. மனுஷன் அடுத்த பிரார்த்தனைக்கு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு பயல் குப்பை போடவில்லை. லாரி டயர் கட்டி, கயிறு கட்டி, ஊரே இறங்கி ஆகாயத்தாமரையை இழுத்தது. கூடத்தில் பாடுகிறவர்கள் கரையில் நின்று பாட, இழுத்தவர்கள் அந்தத் தாளத்துக்கே இழுத்தார்கள். நானும் இழுத்தேன். பொய் சொல்லமாட்டேன், பெருமையாக இருந்தது. பாதியில் படிப்பை விட்டவள் வரைந்த படத்துக்கு ஓர் ஏரி அசைகிறதே என்று இருந்தது.

இப்போது ஏரி தெளிந்துவிட்டது. அடியில் கிடக்கிற ஆணிகூடத் தெரிகிறது. காலையில் வெயில் விழுந்தால் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே வெள்ளையாக இருக்கிறது. ஜனங்கள் கரையில் நின்று கைகூப்புகிறார்கள். நான் கரையில் குந்தி ரொம்ப நேரம் பார்த்தேன் அண்ணா. ஒரு தும்பி இல்லை. தலைப்பிரட்டை இல்லை. பாசி இல்லை. கொசுகூட முட்டையிடாத தண்ணீர். பக்கத்தில் நின்ற ஒருத்தர் என்னிடமே சொல்கிறார், "கொசுவே இல்ல பாத்தியா? எல்லாம் தாயோட கருணை."

இது பட்டறைத் தொட்டித் தண்ணீரின் தெளிவு. எனக்குத் தெரியும். அதுவும் இப்படித்தான் கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் கைவிட்டு அலசி என் விரல் இடுக்கு எல்லாம் வெந்து போயிருந்தது. பட்டறையின் கழிவுக் குழாய் கரைக்குக் கீழே, கண்ணில் படாத பள்ளத்தில் திறக்கிறது. ஆகாயத்தாமரை இருந்தவரைக்கும் அதில் கொஞ்சத்தையாவது உறிஞ்சிக்கொண்டிருந்ததோ என்னவோ. அதையும் பிடுங்கி எறிந்துவிட்டோம்.

அம்மாவைப் புருவத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். சலவைக்கூட வாசலில் ஒரு பெண் அவள் கையைப் பிடித்துத் தன் குழந்தையின் தலைமேல் வைத்துக்கொண்டாள். அம்மா முதலில் சிரித்தாள். அடுத்த நாள் வாசலில் நாலைந்து பேர். இப்போது அம்மா சிரிப்பதில்லை. அடுத்த மாதம் ஏரி நாள் என்று ஒன்று கொண்டாடப் போகிறார்களாம். கடைசிப் பக்கத்தில் இருக்கிறபடியே அம்மா இறங்கி முதல் கை அள்ளிக் குடிக்க வேண்டும். அவள் குடித்ததும் எல்லாரும் குடிப்பார்கள், பிள்ளைகள் முதற்கொண்டு.

அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். நான் கத்தினேன், கேட்கவில்லை. சாமி விஷயத்தில் என் பேச்சு எடுபடாது. உன் பேச்சு எடுபடும். நீ சாமிக்கே போனவன். வேண்டாம் என்று ஒரு வரி எழுது. சீக்கிரம் எழுது.

உன் விரதங்கள் நல்லபடி நடக்கட்டும். மூத்தவருக்கு மறுபடி வணக்கம்.

பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கச்சி

*

அண்ணனுக்கு,

உன் பதில் வந்தது. 'அம்மாவின் நம்பிக்கையைக் கெடுக்காதே, அவள் மனம் நிறைவாக இருக்கட்டும்.' இவ்வளவுதான். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று. என் கடிதத்தில் பாதி வந்து சேரவில்லையா, அல்லது வந்தும் நீ என்னைப் பழைய குறும்புக்காரி என்றே நினைத்துவிட்டாயா? நான் சாமியைக் கேலி செய்து எழுதவில்லை. தண்ணீரைப் பற்றி எழுதினேன்.

கோபம் இருக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பாட்டிலில் ஏரித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நீர்வள அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நல்லாத்தானேம்மா இருக்கு? எங்க ஆபீஸ் குழாயில வர்றதவிட சுத்தமா இருக்கு" என்றார். சோதனை செய்யுங்கள் என்றேன். இந்த ஏரி அவர்கள் பட்டியலிலேயே இல்லையாம், பட்டியலில் இல்லாத ஏரிக்குச் சோதனை கிடையாதாம். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். வழியில் அதை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் வீட்டுக்கே கொண்டுவந்தேன். அம்மா எடுத்துவிடக் கூடாதே என்று கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். வீட்டில் பாம்பு வைத்திருக்கிற மாதிரி இருக்கிறது.

கூடத்திலும் எழுந்து நின்று சொன்னேன். பட்டறைக் குழாய் ஏரியில்தான் திறக்கிறது, யாரும் குடிக்காதீர்கள் என்று. பின்னாலிருந்து ஒரு குரல். "பட்டறையில இருந்து தொரத்திவிட்ட ஆத்திரம், வேற என்ன?" இன்னொருத்தி, "காலேஜும் பாதி, வேலையும் பாதி, இப்ப சாமியும் பாதியா?" என்றாள். சிரிப்பு. நன்றாகத்தான் சொன்னாள், எனக்கே சிரிப்பு வந்தது.

சரி, படத்தால் வந்ததைப் படத்தாலேயே தீர்ப்போம் என்று அடுத்த புத்தகம் போட்டேன். அதில் ஏரித்தாய் கரையேறி வந்து, குடிக்க வந்தவர்கள் கையைத் தட்டிவிடுகிறாள். கரைக்கடியில் இருக்கிற குழாயைக் காட்டுகிறாள். தவளை திரும்பி வந்து கத்துகிறவரைக்கும் யாரும் இதைத் தொடாதீர்கள் என்கிறாள். அதே முகம், அதே புருவம். மசி மாமா அச்சடித்துக் கொடுத்தார். பெரியக்காவிடம் கொண்டுபோனேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. என் கன்னத்தைத் தட்டி, "நல்லா வரைஞ்சிருக்க. ஆனா இது நீ எழுதினதுடி. மொதப் புத்தகம் உன்ன எழுத வச்சது" என்றாள்.

நான்தானே அக்கா அதையும் எழுதினேன், தண்ணீரை வெள்ளையாக விட்டதற்குக் காரணம் மசி இல்லாதது, மாமாவைக் கேளுங்கள் என்றேன். "மசி இல்லாமப் பண்ணினது யாரு?" என்றாள். இதற்குப் பதிலை நீயே அந்த மடத்தில் உட்கார்ந்து யோசித்துச் சொல். அவள் கெட்டவள் இல்லை அண்ணா. அந்த ஏரிக்காக அவள் இடுப்பளவு சேற்றில் நின்றதை நான் பார்த்தேன். கை முழுக்கக் கீறல். அவள் ஏமாற்றுக்காரியாக இருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருக்காது. அவள் நம்புகிறாள். அன்று குடிக்கத் தன் பேரனுக்கும் ஒரு சின்னக் கிண்ணம் தயாராக வைத்திருக்கிறாள்.

பிள்ளைகளிடமும் புதுப் புத்தகத்தைக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு குட்டி நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இது டூப்பு தாய். ஒரிஜினல் தாய் பேசவே மாட்டா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டது. உண்மைதான். முதல் புத்தகத்தில் அவளுக்கு நான் ஒரு வசனம்கூட எழுதவில்லை. முகம் போதும் என்று விட்டுவிட்டேன்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. போன வாரம் பட்டறை மேஸ்திரி அச்சகத்துக்கு வந்தார். முதல் புத்தகத்தை இன்னும் நிறையப் பிரதி போட வேண்டுமாம், பின்னட்டையில் பட்டறையின் பெயர் வர வேண்டுமாம். ஏரி நாளுக்கு மேடை, ஒலிபெருக்கி, பிள்ளைகளுக்கு எவர்சில்வர் டம்ளர் எல்லாம் அவர்கள் உபயமாம். மசி மாமா, மெஷின் பழுது என்று சொல்லி அனுப்பப் பார்த்தார். மேஸ்திரி ஓடுகிற மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போகும்போது என் பக்கம் குனிந்து, "உங்கம்மா ஒரு வாய் குடிச்சாப் போதும்மா. அதுக்கு மேல எங்களுக்கு எந்த சர்ட்டிபிகேட்டும் வேண்டாம்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், கல்யாண வீட்டில் விசாரிக்கிற மாதிரி. அன்று முழுக்க எனக்குக் காகிதம் சரியாக அடுக்க வரவில்லை.

இப்போது வீடு வீடாக இல்லை. விடியும்போதே வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். பாத்திரம் துலக்குகிற சத்தம் கேட்டால் ஜன்னல் பக்கம் பார்க்கிறார்கள், தாய் துலக்குகிறாளா என்று. அம்மா போட்டுக் கழித்த பழைய செருப்பைக் காணவில்லை. யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். அவள் வேலைக்குப் போனால் ஜனம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விடுகிறது. முன்பெல்லாம் பஸ்ஸில் இடித்துத் தள்ளின ஜனம். ஒரு நாள் நான் கேட்டேன், உனக்கு இது பிடித்திருக்கிறதா அம்மா என்று. "எல்லாரும் கண்ணப் பாத்துப் பேசுறாங்கடி" என்று மட்டும் சொன்னாள்.

உன்னிடம் மறுபடி கேட்கிறேன். எது நம்பிக்கை, எது நம்பிக்கை இல்லை என்று என்னிடம் விளக்க வேண்டாம். குடிக்காதே என்று அவளுக்கு எழுது. சாமி தன்னை நிரூபிக்கச் சொல்லி யாரையும் கேட்பதில்லை என்று உன் புத்தகங்களில் எங்கேயாவது இருக்கும். தேடி எடுத்து எழுது. இல்லாவிட்டால் இருப்பதாக எழுது. இந்த ஒரு பொய்க்கு நான் பொறுப்பு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தூக்கமில்லாத
தங்கச்சி

*

அண்ணா,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. மசி மாமாவே கையில் எடுத்துக்கொண்டு விடிந்ததும் முதல் பஸ்ஸில் கிளம்புகிறார். உன் கையில்தான் கொடுப்பேன் என்று சொல்லி வாசலிலேயே நிற்பார். அவரை உட்காரச் சொல், முட்டி வலி உள்ளவர். ஏரி நாள் நாளை மறுநாள்.

நான் எழுதியதெல்லாம் தப்பு. அதாவது தண்ணீரைப் பற்றி எழுதியது சரி. அம்மாவைப் பற்றி எழுதியது தப்பு. அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது, தன்னையே சாமி என்று நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன். அப்படி இருந்தால்கூடப் பரவாயில்லையே என்று இப்போது தோன்றுகிறது.

இன்று காலையில் அவள் வேலைக்குப் போகவில்லை. அடுப்படியில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினாள். இந்த அடுப்புத் திருகில் கேஸ் லேசாக ஒழுகும், ராத்திரி சிலிண்டரை மூடிவிடு. வாடகைக்காக வீட்டுக்காரர் ஏதாவது பேசினால் எதிர்த்துப் பேசாதே. உன் அண்ணனுடைய கம்பளி, பெட்டியில் அடியில் இருக்கிறது, வெயிலில் போடு. இப்படிச் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. நடுவில்தான் ஏதோ உறைத்தது. எதுக்கும்மா இதெல்லாம் இப்போ என்று கேட்டேன்.

கட்டிலுக்கு அடியில் கைவிட்டு அந்தப் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். உட்கார் என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

"புள்ளைங்க வார்டுல ஏரித் தெருப் புள்ளைங்க படுத்து எனக்கு வர்ற விரிப்ப நீ பாத்ததில்லடி. மூட்டைய நான்தான் அவுக்குறேன். வாந்தி ஒரு நிறத்துல இருக்கும், ரெண்டு தடவ வெந்நீர்ல போட்டாலும் போகாது. அவங்க வீட்டுக் கிணறு எல்லாம் ஏரிக்கரையில. டாக்டருகிட்ட சொன்னேன். காய்ச்சலுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்மான்னாரு. தண்ணிதான் காரணம்னு யாரு எழுதப்போறா? சலவைக்காரி சொன்னா எழுதுவாங்களா? நீ சொன்னே, சிரிச்சாங்க. இப்ப ஊரு பூரா நிக்கும். மைக்கு இருக்கும். நான் ரெண்டு வாய் குடிப்பேன். ஒடனே நீ மேல ஏறி, வேற யாரையும் குடிக்க விடாதே. என்னத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. எல்லார் முன்னாலயும் விழுந்தவளுக்கு எழுதாம இருக்க முடியாது. எழுதினாத்தான் அந்தக் கொழாய அடைப்பாங்க."

விழாவிட்டால் என்ன செய்வாய் என்றுதான் எனக்குக் கேட்க வந்தது. ரெண்டு வாயில் உனக்கு ஒன்றும் ஆகாவிட்டால், எல்லாரும் குடிப்பார்களே என்றேன். "ஆகும். பட்டறைக்காரன் அதுக்கு முந்தின நாளே தொட்டியக் கழுவி விடுவான், ஏரி நாளுக்கு லீவு இல்லையா. எப்பவும் லீவுக்கு முன்னாடிதானே கழுவுறாங்க, நீதானே சொன்னே" என்றாள். நான் எப்போதோ சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்ன ஒன்றை இத்தனை நாள் மனசில் போட்டு வைத்திருக்கிறாள். அப்படியென்றால் உனக்கு எவ்வளவு மோசமாகும் என்று கேட்டேன். பாட்டிலின் மூடியை இறுக்கினாள்.

நீ சாமி இல்லைம்மா, உனக்கு இது வேலை இல்லை என்று கத்தினேன். வாசலில் நிற்கிறவர்களுக்குக் கேட்டிருக்கும். அவள் கொஞ்சம்கூடக் குரலை உயர்த்தவில்லை. "எனக்கு சாமி நம்பிக்கை இருக்கு. நான்தான் சாமிங்கற நம்பிக்கை இல்ல. ஆனா கும்பிடுற கூட்டத்துக்கு ஒரு தடவையாவது பிரயோஜனமா இருக்கணுமில்ல" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "கதையில அப்படித்தானேடி வரைஞ்சே? நல்ல முடிவுதான். எனக்குப் பிடிச்சிருந்துச்சு" என்றாள்.

அண்ணா, அது முடிவு கிடைக்காமல் போட்ட முடிவு. மாமா மெஷினை ஓடவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார் என்று போட்ட முடிவு. சாமியைச் சாகடிப்பது சுலபம், அடுத்த பக்கம் வரைய வேண்டியதில்லை. குடித்த பிறகு அவளுக்கு என்ன ஆனது என்று நான் யோசிக்கவே இல்லை. படித்தவர்களில் ஒருத்தர்கூட அதைக் கேட்கவில்லை. அம்மா ஒருத்திதான் யோசித்திருக்கிறாள்.

என்னால் செய்ய முடிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன். பெரியக்காவிடம் ஓடினேன். அம்மா சொன்னதைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போனது உண்மை. அப்புறம், "தாய்க்குப் பரிசோதனை வராம இருக்குமா? அவ தாங்குவா" என்றாள். சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. பேரனுடைய கிண்ணத்தை மட்டும் எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அதைப் பார்த்த பிறகு எனக்குப் பயம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் நிறுத்த மாட்டாள். மேடை போட்டாயிற்று, டம்ளர் வந்தாயிற்று, ஊர் கிளம்பியாயிற்று. இனி அவளே நினைத்தாலும் முடியாது.

வீட்டைப் பூட்டிவிடலாமா என்று நினைத்தேன். வாசலில் நிற்கிறவர்கள் கதவையே கழற்றிவிடுவார்கள். தாயை அடைத்து வைத்தவள் என்று என்னைக் கரைக்கு இழுத்துப் போவார்கள். நானே முதலில் குதித்துக் குடித்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் மிரட்டிப் பார்த்தேன். அடித்தாள். நீ போன பிறகு இப்போதுதான் முதல் தடவையாக என்னை அடித்தாள். அடித்துவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது பக்கத்து அறையில் நாளை மறுநாள் கட்டப்போகிற வெள்ளைத் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். வேலையில் பழகின கை, ஒரு மடிப்பும் விழாது. துணி மேல் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுதுகிற கை நின்றுவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே யாரோ மெதுவாகப் பாடுகிறார்கள். ஆகாயத்தாமரையை இழுக்கும்போது பாடின அதே பாட்டு. நல்ல பாட்டு அது. இனி என்னால் அதைக் கேட்க முடியாது.

உனக்கு வெளியே வர அனுமதி கிடைக்குமா தெரியாது. கிடைத்தால் மாமாவோடு அதே பஸ்ஸில் ஏறிவிடு. காவி வேண்டாம், மந்திரம் வேண்டாம், கட்டியிருக்கிற துணியோடு வா. கிடைக்காவிட்டால் ஒரு காகிதத்தில் ஒரு வரி எழுதி மாமாவிடம் கொடு. முன்பு நான் கேட்ட மாதிரி சாமி சொன்னது, நூல் சொன்னது எதுவும் வேண்டாம். அதற்கெல்லாம் அவளிடம் என்னைவிட நல்ல பதில் இருக்கிறது. நீ சின்னப் பிள்ளையில் எழுதின அந்தக் கோணல் கையெழுத்தில், 'எனக்கு அம்மா வேணும்' என்று மட்டும் எழுது. ஊருக்குத் தாயாக இருந்தால் போதும் என்று நினைக்கிறாள். அதை உடைக்க நீ ஒருத்தன்தான் மிச்சம். பெற்ற பிள்ளையைச் சாமிக்குக் கொடுத்தவள், அந்தப் பிள்ளையே அம்மாவைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வாள் என்று பார்ப்போம்.

இதை நானே அவளிடம் சொல்லலாம்தான். பக்கத்து அறைதான். மூன்று தடவை எழுந்து போனேன். வாசல்படியில் நின்றேன். என்னடி என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று திரும்பி வந்துவிட்டேன்.

நீ எழுது அண்ணா. எனக்கும் சேர்த்து எழுது.

உன்
தங்கச்சி